கடற்காற்று நிற்பதற்குள்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை ஏழரைக்குக் கடலூர் லாட்ஜில் நான் கட்டிக்கொள்ள நினைத்தவனையும் அவன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டோம். கார் என் மாமாவுடையது, ஓட்டியதும் அவரே.
2. திருவந்திபுரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். மூன்று மணி நேரம் ஆனது.
3. சிதம்பரம் கோயில் வாசலுக்குப் போனபோது மணி பன்னிரண்டு பத்து. நடை சாத்தியிருந்தது.
4. பிச்சாவரத்தில் படகு.
5. திரும்பவும் சிதம்பரம்.
6. எங்கள் வீட்டுக்குள் அவன் அம்மா காலெடுத்து வைத்தபோது மாலை ஆறு ஐம்பது.

ஆறாவது வரியில் பிற்பகல் மூன்று மணி என்று இருந்திருக்க வேண்டும். மற்ற ஐந்தையும் அந்த ஒரு வரிக்காகத்தான் அடுக்கியிருந்தேன்.

எங்கள் வீடு குடிகாட்டில் இருக்கிறது. ரசாயன ஆலைகள் இருக்கும் தொழிற்பேட்டை எங்களுக்கு மேற்கே, உப்பனாறும் கடலும் கிழக்கே. பகலில் கடற்காற்று வீசும்போது ஆலைகளின் வாடை நெடுஞ்சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். பொழுது சாய்ந்து கடற்காற்று நின்றதும் அது எங்கள் தெருவில் இறங்கும். சில நாள் அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி, சில நாள் நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி. விடியும்வரை இருக்கும்.

இதைத் தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படி ஒன்றும் இல்லையே என்பார்கள். பொய் சொல்வதில்லை, அவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரியாது. வெளியூர் போய்விட்டு வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அரை நிமிடம் தெரியும், பிறகு போய்விடும். நான் அந்த ஆலைகளில் ஒன்றில்தான் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். வாயுக் கசிவைக் காட்டும் கருவிகளை மாதா மாதம் சோதித்துச் சரிசெய்வது என் வேலை. கருவி வாயு கலந்த காற்றையே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் அதைத் திருத்த ஒரு முறை இருக்கிறது. மூக்குக்கு இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் என்னைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் ஜாதகமெல்லாம் பார்த்துவிட்டு சாயங்காலம் ஆறரைக்கு வந்தது. காரிலிருந்து முதலில் இறங்கிய பெண்மணி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். பஜ்ஜியை யாரும் தொடவில்லை. மறுநாள் ஃபோன் வந்தது, ஜாதகம் பொருந்தவில்லையாம். அப்பா அந்த ஜோசியரை ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஏன் மூக்கை மூடினார் என்று அம்மா என்னிடம் நிஜமாகவே கேட்டார்.

இந்த முறை பார்க்க வருவது நானே தேர்ந்தெடுத்தவனின் அம்மா. அவன் புதுச்சேரியில் பம்ப் நிறுவனம் ஒன்றில் சர்வீஸ் இன்ஜினியர். எங்கள் ஆலைக்கு வந்து போனதில் பழக்கம். ஊர் ஈரோடு பக்கம். தன் அப்பா கடையை விட்டு நகரமாட்டார், எல்லாம் அம்மா முடிவுதான் என்று சொல்லியிருந்தான். வாடையைப் பற்றி முதலிலேயே அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றான். நான் வேண்டாம் என்றேன். அவர் வேண்டாம் என்று சொன்னால் அவன் மீறமாட்டான் என்பது எனக்குத் தெரியும். அவனும் அதை மறுத்ததில்லை.

மூன்று வாரம் தினமும் மதியத்தில் ஏதாவது சாக்குச் சொல்லிக் கடலூர்வரை போய்வந்து, பஸ்ஸிலிருந்து இறங்கும் அந்த அரை நிமிடத்தில் வாடை உண்டா இல்லையா என்று நோட்டில் குறித்தேன். காற்றின் திசைக்கு ஃபோனில் இரண்டு ஆப் வைத்திருந்தேன். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை ஒருநாள்கூட வாடை இல்லை. ஆகவே காலையில் திருவந்திபுரம், பத்து மணிக்குச் சிதம்பரம், பிறகு பிச்சாவரம், மூன்று மணிக்கு எங்கள் வீடு. ஐந்து மணிக்குள் அவர்கள் லாட்ஜுக்குக் கிளம்பிவிட வேண்டும். ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது.

காற்றைப் பார்த்த நான் காலண்டரைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் தினமும் கிழிக்கும் காலண்டரில் அன்றைய தாளில் முகூர்த்த நாள் என்று பெரிதாகப் போட்டிருந்தது. முகூர்த்த நாளில் திருவந்திபுரத்துக்குள் கார் எடுத்துப் போகக் கூடாது என்பது கடலூரில் குழந்தைக்கும் தெரியும்.

கெடிலம் பாலத்துக்கு முன்பே வேன்கள் நின்றன. கோயிலுக்கு உள்ளே, வெளியே, எதிர் மலையின் படிக்கட்டில், எங்கு பார்த்தாலும் மாலையும் கழுத்துமாக ஜோடிகள். ஒரு ஜோடியை வீடியோ எடுப்பவர் பின்னால் நகரச் சொல்ல, அவர்கள் நகர்ந்து இன்னொரு ஜோடியின் படத்துக்குள் போய் நின்றார்கள். அவன் அம்மா மணப்பெண்களை எண்ண ஆரம்பித்தார். இருபத்திரண்டுவரை எண்ணிவிட்டு, முதலில் பார்த்த பெண்ணையே திரும்ப எண்ணுகிறேனோ என்று சந்தேகப்பட்டு விட்டுவிட்டார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வரிசையில் முன்னால் நின்றவரிடம் உப்பும் மிளகும் எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்டுத் தானும் ஒரு பொட்டலம் வாங்கிக் கிணற்றடியில் போட்டு வேண்டிக்கொண்டார்.

தரிசனம் முடிந்தபோது மணி ஒன்பதேகால். நேராகக் கிளம்பியிருந்தால் ஈடுகட்டியிருக்கலாம். வெளியே வரும்போது ஒரு மண்டப வாசலில் பட்டு வேட்டிக்காரர் ஒருவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மச்சான், பத்திரிகை வெச்சும் வரமாட்டியோன்னு பாத்தேன். குடும்பத்தோட வந்துட்டியே."

மாமா அந்தக் கல்யாணத்தை அடியோடு மறந்திருந்தார். முகத்தில் எதையும் காட்டாமல், உன் பொண்ணு கல்யாணத்துக்கு வராமலா என்றார். அதற்கு மேல் சாப்பிடாமல் கிளம்ப வழியில்லை. பந்தியில் இடம் கிடைக்க நாற்பது நிமிடம். அவன் அம்மா முன்பின் தெரியாத பெண்ணின் கல்யாணத்தில் கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு வழியில் எத்தனை நிமிடம் மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தேன். காரை வேன்களுக்கு நடுவிலிருந்து எடுத்தபோது பத்து ஐம்பது.

சிதம்பரம் சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அவன் அம்மா வழியில் வந்த ஒவ்வொரு ஊரின் பெயரையும் கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் ஊர் விலக்கு வந்தபோது மட்டும் கேட்கவில்லை, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். அப்போதே வீட்டுக்குத் திருப்பியிருக்கலாம். ஆனால் அப்பாவும் ஆலையில் ஆபரேட்டர், அன்று அவருக்கு இரண்டு மணிவரை ஷிப்ட். மாப்பிள்ளையின் அம்மா முதல்முறை வரும்போது அப்பா வீட்டில் இல்லாமல் எப்படி?

சிதம்பரத்தில் கீழவீதியில் இறங்கி ஓடாத குறையாக நடந்தோம். கோபுர வாசலில் பூக்காரம்மா கூடையை மூடிக்கொண்டிருந்தார். அஞ்சு மணிக்கு மேல வாங்க என்றார்.

ஹோட்டலில் சம்பா சாதமும் கொத்சும் சாப்பிடும்போது நான் பேச்சோடு பேச்சாக, இப்போது பிச்சாவரம் போய்விட்டு நேராக வீட்டுக்குப் போகலாம், சிதம்பரம் நாளைக் காலையில் நிதானமாகப் பார்க்கலாம் என்றேன். அவன் உடனே சரி என்றான். அவன் அம்மா சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னார்:

"இத்தனை தூரம் வந்துட்டு நடராசரைப் பாக்காமப் போறதா? அஞ்சு மணிக்கு நடை தெறக்கட்டும், பாத்துட்டே போலாம். ஊடு எங்கயும் ஓடிப் போயிராது அம்மணி."

கணக்குப் போட்டேன். ஐந்து மணிக்கு நடை, ஐம்பது நிமிடம் தரிசனம், ஒரு மணி நேரம் வழி. ஆறு ஐம்பது.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். மாமா காரிலேயே தூங்கினார். படகுக்காரர் பக்கத்து மீனவக் கிராமத்துக்காரர், அதிகம் பேசாதவர். அகலமான நீர்ப்பரப்பைக் கடந்து சுரபுன்னை மரங்களுக்கு நடுவே குறுகிய கால்வாய்க்குள் படகைத் திருப்பினார். இரண்டு பக்கமும் வேர்கள் வளைந்து தண்ணீரில் இறங்கியிருந்தன. தலைக்கு மேல் கிளைகள் மூடிக்கொண்டன. வெயில் நின்றது, காற்றும் நின்றது. நீர் வற்றிய இடத்தில் கருஞ்சேறு தெரிந்தது.

அவன் அம்மா மூக்கைச் சுருக்கினார். "இதென்ன வாசம்?"

அது வெறும் சேற்று வாயு. எந்தச் சதுப்பிலும் இருப்பது. எங்கள் ஆலைக் கருவிகளில் ஒன்று அதே வாயுவுக்காக வைத்ததுதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், சொன்னால் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று தெரிந்ததால் மூடிக்கொண்டேன்.

"சேத்து வாடைம்மா," என்றார் படகுக்காரர். "ஒண்ணும் பண்ணாது. செத்த நேரத்துல பழகிடும்."

"பழகிருமா?" என்று கேட்டுவிட்டு அவன் அம்மா என்னைப் பார்த்தார். நான் வேர்களைப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அவன், சொல்லிவிடு என்று கண்ணால் காட்டினான். கரைக்கு வரும்வரை நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

ஐந்து மணிக்கு நடை திறந்தபோது நாங்கள் வாசலிலேயே நின்றோம். அவன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். பொன்னம்பலத்துக்கு முன்னால் கூட்டம் நெருக்கியது. நடராசருக்குப் பக்கத்தில் திரை தொங்கும். அதை விலக்கித் தீபம் காட்டும்போது வெற்றிடத்தில் தங்க வில்வ மாலைகள் தெரியும். அதைப் பார்க்கத்தான் எல்லாரும் எம்பி நிற்பார்கள். மணியடித்தது. அந்த நேரத்தில் நான் பின்னால் திரும்பி, பிராகாரத்தில் வெளிச்சம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்தேன். கற்களின்மேல் வெயில் இல்லை. திரும்பி முன்னால் பார்த்தபோது திரை பழையபடி தொங்கிக்கொண்டிருந்தது.

காரில் அவன் முன்னால் மாமாவின் பக்கத்திலும், நானும் அவன் அம்மாவும் பின்னாலும் உட்கார்ந்தோம். வீட்டில் சாம்பிராணி போட்டு வை, ஜன்னலைச் சாத்து என்று அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். எதுக்கு என்று பதில் வந்தது. பரங்கிப்பேட்டை பிரியும் இடம் தாண்டியதும் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. இன்னும் இருபத்தைந்து நிமிடம். முந்தானை மூக்குக்குப் போவதை இன்னொரு முறை பார்ப்பதைவிட நானே சொல்லிவிடுவது எளிது என்று தோன்றியது. தைரியம் என்று சொல்லமுடியாது. வேறு வழி தீர்ந்துபோயிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன். "எங்க ஊர்ல பொழுது சாஞ்சா கெமிக்கல் வாடை வரும். பகல்ல வராது. நீங்க பகல்லயே வந்துட்டுப் போயிடணும்னுதான் இன்னிக்கு இப்படி டைம் போட்டேன். வேணும்னேதான்."

"தெரியுங் கண்ணு," என்றார் அவர்.

முன்சீட்டில் அவன் திரும்பினான்.

"காத்தால அஞ்சரைக்கே ஆட்டோ புடிச்சு உங்க தெருவுக்குப் போயிட்டு வந்துட்டேன். பொண்ணெடுக்கறதுக்கு முன்னால நாலு பேருகிட்ட விசாரிக்கோணுமல்ல. இவன் தூங்கிட்டிருந்தான்."

"அம்மா," என்றான் அவன்.

"நீ சும்மா இரு. டீக்கடையில கேட்டேன், இந்த வாடை தெனமும் அடிக்குங்களான்னு. அவரு என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, இன்னா வாடைம்மா, இன்னிக்கு ஒண்ணும் இல்லியேங்கறாரு. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது."

மாமா சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்காததால் கியரை மாற்றினார்.

காலையிலேயே ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"திருட்டுத்தனமாப் போயிட்டு வந்துட்டு எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது? நீயே சொல்லுவேன்னு பாத்தேன். படகுல சொல்லுவேன்னு நெனச்சேன். அப்பறம் கோயில்ல. நீ திரும்பி வெளிய பாக்கற, நான் உன்னப் பாக்கறேன். ரெண்டு பேரும் சாமியச் சரியாப் பாக்கல."

காலையிலிருந்து நான் மறைத்துக்கொண்டிருந்த விஷயம் முழுவதையும் அவர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிச்சுக்கோங்க என்றேன். அவர் வேறொன்று கேட்டார்.

"கலியாணத்துக்கு அப்பறம் எங்க இருக்கறதாப் பேச்சு?"

நான் அவனைப் பார்த்தேன். நான் ஒரே பெண். அப்பா எனக்கென்று மாடியில் இரண்டு அறை கட்டியிருக்கிறார். அங்கேயே இருந்துகொண்டு நான் நடந்தே வேலைக்குப் போவது, அவன் புதுச்சேரிக்கு பைக்கில் போய்வருவது என்று நான்கு மாதத்துக்கு முன்பே பேசி முடித்திருந்தோம். அதை அவன் வீட்டில் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

"இவங்க வீட்டு மாடியிலம்மா," என்றான், கண்ணாடியைப் பார்த்தபடி.

மாமா எங்கள் ஊர் விலக்கில் காரைத் திருப்பினார்.

வீட்டில் சாம்பிராணிப் புகை வாசல் வழியே தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கிய அரை நிமிடம் எனக்கும் தெரிந்தது. அன்று முட்டைக்கோஸ் வாடை. அவன் அம்மா மூக்கை மூடவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு உள்ளே போனார், என் அம்மா கொடுத்த காபியை முழுவதும் குடித்தார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நான் சற்று மூச்சு விட்டேன். அப்போது வெள்ளைச் சட்டையில் குளித்துத் தயாராக இருந்த அப்பா, என்னைப் பார்க்காமலேயே, மாடியையும் ஒருதரம் பாத்துடுங்களேன், அங்க காத்தோட்டமா இருக்கும் என்றார்.

தடுப்பதற்குள் இருவரும் படியேறிவிட்டார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மாடியில் நின்றால் தொழிற்பேட்டை முழுவதும் தெரியும். ஆலைக் கோபுரங்களில் வரிசையாக விளக்கு எரியும். அப்பா அதைப் பெருமையாகக் காட்டினார், தான் வேலை செய்யும் இடம் எது, நான் வேலை செய்யும் இடம் எது என்று. அறைகளைத் திறந்து காட்டினார்.

"பொண்ணுக்குன்னே கட்டுனதுங்க. டைல்ஸ் அவ செலக்சன்."

அவன் அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. "நல்லா இருக்குதுங்க," என்றார். பிறகு, "உங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்களா?"

"இன்னாது?"

"வாடைங்க."

அப்பா அந்தக் கேள்வியை மரியாதையாக எடுத்துக்கொண்டார். மூச்சை இழுத்துப் பார்த்தார். நடந்து போய் மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் நின்று இன்னொரு முறை இழுத்தார். "இல்லீங்களே," என்றார். விருந்தாளிக்கு இருப்பது தனக்கு அகப்படவில்லையே என்ற வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. நானும் இழுத்துப் பார்த்தேன். எனக்கும் அதற்குள் எதுவும் தெரியவில்லை.

"அதுதானுங்க எனக்குப் பயம்," என்றார் அவன் அம்மா. "உங்களக் கொறை சொல்லலீங்க. எம்பையன் இங்க வந்து ஒரு வருசம் இருந்தான்னா, அவனும் இதே சொவத்துகிட்ட நின்னு மோந்து பாத்துட்டு, இல்லியேம்பான். அப்பறம் எம்பேரனும் அதையே சொல்லுவான்."

"முப்பது வருஷமா இங்கதாங்க இருக்கோம். பாப்பா இங்கதான் பொறந்துச்சு," என்றார் அப்பா.

"ஆமாங்க," என்றார் அவர். அப்பா அறைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

அவர்கள் கிளம்பும்போது அம்மா குங்குமமும் பூவும் கொடுத்தார். என்ன முடிவு என்று யாரும் கேட்கவில்லை, அவன் அம்மாவும் சொல்லவில்லை. காரில் ஏறும்போது என் கையைப் பிடித்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தெருமுனையில் கார் திரும்பும்போது கண்ணாடிகள் கீழிறங்கினவா மேலேறினவா என்று இருட்டில் தெரியவில்லை. அடுத்த ஒன்பது நாளும் அவனிடமிருந்து ஃபோன் வரும்போதெல்லாம் எடுப்பதற்கு முன் ஒருமுறை மூச்சை நிறுத்திக்கொண்டேன். எங்கே தங்குவது என்பதை வீட்டில் சொல்லாததற்காக அவனிடம் இரண்டு நாள் சண்டை போட்டேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு தகுதி என்று அவன் கேட்டான். சண்டை அதோடு முடிந்தது. பத்தாம் நாள் அவன் அம்மாவே என் அம்மாவிடம் பேசினார்.

இன்றைய நிலை இது. கல்யாணத்துக்கு அவர் சம்மதம் சொல்லியிருக்கிறார், எங்கள் மாடியில் குடித்தனம் நடத்துவதற்கு இல்லை. கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கம் இரண்டு வாடகை வீடு பார்த்திருக்கிறோம். இரண்டாவது வீடு என் அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. அப்பா இரண்டையும் பார்க்க வரவில்லை. போன வாரம் மாடி அறைகளுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறார். வாடகை வீட்டுக்குச் சரி என்று நான் அவனிடம் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தேதி குறிக்கவில்லை.